மழை தொடங்கும் முன் மடிக்கணினியில் ஹைபர்நேட்டை அமைத்துவிடுங்கள்: முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இவை போதாதென்று ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை வேறு. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் மின்கம்பி ரப்பர் தோட்டத்தையும் தென்னந்தோப்பையும் கடந்துதான் வீட்டுக்கு வந்து சேர்கிறது. காற்றில் ஒரு கிளை ஒடிந்து விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இப்படிப்பட்ட ஊரில் மடிக்கணினி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போனதும் மூடியை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மூடியதும் கருவி ஸ்லீப் நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் திறந்திருந்த வேலை முழுவதும் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. ரேமுக்கோ இடைவிடாமல் மின்சாரம் வேண்டும். பழைய பேட்டரி இரவில் தீர்ந்துவிட்டால், சேமிக்காத பக்கங்கள் அத்தனையும் போய்விடும். ப்ராஜெக்ட் அறிக்கையைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் இப்படி இழந்துவிட்டு வந்து நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதைத் தடுக்கும் வசதி அவர்கள் கருவியிலேயே இருந்திருக்கும். யாரும் அதை இயக்கி வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வசதிதான் ஹைபர்நேட். ரேமில் இருப்பதை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டியில் எழுதி வைத்துவிட்டுக் கருவி முழுவதுமாக அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் வேலைக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலேயே, விட்ட வரியிலேயே திறக்கும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்பைப் பின்பற்றித் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996 டிசம்பரில் ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. எந்த வன்பொருளில் எந்த இயங்குதளம் ஓடினாலும் மின்சார நிலைகளை ஒரே மாதிரி கையாள வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்றும் அதுதான் அடிப்படை. அதில் எஸ்0 என்பது விழித்திருக்கும் நிலை. எஸ்3 என்பது ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும் ஸ்லீப். எஸ்4 என்பது ஹைபர்நேட். எஸ்5 என்பது அணைந்த நிலை.

கடந்த சில ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 கிடையாது. அதற்குப் பதில் மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கிறது. இதில் கருவி உண்மையில் உறங்குவதில்லை. கைப்பேசியைப் போலத் திரையை அணைத்துவிட்டு, குறைந்த மின்சாரத்தில் விழித்தே இருக்கும். நெட்வொர்க் இணைப்பும் தொடரலாம். அப்டேட் இறங்கும், மின்னஞ்சல் வரும், பேட்டரி கரையும். இந்த ஒரு மாற்றத்தால்தான் முன்பு மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கியது, புதியது ஒரு இரவுக்குள் தீர்ந்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

உங்கள் கருவி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு செய்து, டெர்மினலை அட்மின் உரிமையுடன் திறக்கவும். அங்கே பவர்சிஎஃப்ஜி என்று எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு ஏ என்ற எழுத்தைச் சேருங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதுவதுதான் அந்தக் கட்டளை. திரையில் இரண்டு பட்டியல் வரும். மேலே இருப்பது கருவியில் கிடைக்கும் நிலைகள். கீழே இருப்பது கிடைக்காதவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணமும் இருக்கும். அந்தக் காரணத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக்கான வன்பொருளை இயக்கும் நிரல்) சரியாக நிறுவப்படாததால் ஸ்லீப்பும் ஹைபர்நேட்டும் கிடைக்காத கருவிகள் நிறைய உண்டு. விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டு டிரைவரை மறந்துபோனவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

பேட்டரியின் உண்மை நிலை

அடுத்து அதே இடத்தில் பவர்சிஎஃப்ஜி சாய்கோடு பேட்டரிரிப்போர்ட் என்று கொடுங்கள். ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். பிரவுசரில் திறந்து இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. முதலாவது 41,000 என்றும் இரண்டாவது 19,000 என்றும் இருந்தால், பேட்டரியின் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். அளவு குறைவது மட்டும் சிக்கல் இல்லை. இப்படித் தளர்ந்த பேட்டரி பொய்யும் சொல்லும். 14 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென அணைந்துவிடும். இதை மனத்தில் வைத்துத்தான் பின்னால் வரும் எச்சரிக்கை அளவுகளை உயர்த்தச் சொல்கிறேன்.

விண்டோஸில் இயக்கும் முறை

கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடப்பக்கத்தில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வுசெய்யும் இணைப்பு இருக்கும். உள்ளே போனால் கீழ்ப்பகுதி மங்கலாகத் தெரியும். மேலே உள்ள, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற பொருள்தரும் வரியைச் சொடுக்கிய பிறகே அது உயிர்பெறும். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஹைபர்நேட் என்ற பெட்டியில் டிக் செய்து சேமியுங்கள். இனி ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுனுக்குப் பக்கத்திலேயே அது தெரியும்.

பெட்டியே இல்லையென்றால் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி சாய்கோடு ஹைபர்நேட், இடைவெளி விட்டு ஆன் என்று கொடுத்தால் இயங்கத் தொடங்கும்.

இடத்தைப் பற்றிய கவலை நியாயமானது. சி டிரைவில் ஹைபர்ஃபில் என்ற மறைகோப்பு ஒன்று உருவாகும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் அதன் வழக்கமான அளவு ரேமில் 40 சதவீதம். 8 ஜிபி ரேம் என்றால் சுமார் 3.2 ஜிபி, 16 ஜிபி என்றால் சுமார் 6.4 ஜிபி. இடம் மிச்சப்படுத்துவதாகச் சொல்லி இந்தக் கோப்பை நீக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்டு மூன்று ஜிபிக்காக வேலையைப் பணயம் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. தினம் ஒரு முறை 3 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.1 டெராபைட்தான் ஆகிறது. மலிவான எஸ்எஸ்டிகூடப் பல பத்து டெராபைட் எழுதத் தாங்கும்.

இப்போது முக்கியமான இடம். பவர் ஆப்ஷன்ஸில் நீங்கள் பயன்படுத்தும் பிளானுக்குப் பக்கத்தில் உள்ள அமைப்பைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளுக்குப் போங்கள். ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் ஹைபர்நேட் ஆஃப்டர் என்பதில், பேட்டரியில் இருக்கும்போது 30 நிமிடம் என்று வையுங்கள். மூடியை மூடிவிட்டு மறந்துபோனாலும், அரைமணி கழித்துக் கருவி தானே வேலையைச் சேமித்து அணைந்துவிடும். பேட்டரி என்ற தலைப்பின் கீழ் கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன் என்பது ஹைபர்நேட் என்று இருக்கிறதா என உறுதிசெய்யுங்கள். கிரிட்டிக்கல் அளவு வழக்கமாக 5 சதவீதம். புதிய பேட்டரிக்கு அது போதும். தளர்ந்த பேட்டரிக்கு 15 வரை உயர்த்துங்கள், லோ பேட்டரி அளவை 25 ஆக்குங்கள். அப்போதுதான் ரேமை டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை பேட்டரியில் தெம்பு மிஞ்சும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எழுத அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் இந்த ஏற்பாடு.

பைக்குள் சூடாகும் கருவி

நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் ரயில் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. காலையில் மூடியை மூடிப் பைக்குள் வைக்கிறார்கள். இறங்கிப் பையைத் திறந்தால் கருவி தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது, சார்ஜும் பாதியாகியிருக்கிறது. மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள கருவி பைக்குள் விழித்துக்கொண்டு ஏதோ வேலை செய்கிறது, காற்றோட்டம் இல்லாததால் சூடு உள்ளேயே தங்குகிறது. சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி.

தீர்வு எளிது. மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆக வேண்டும் என்று, பேட்டரியில் இருக்கும் நிலைக்கு மட்டும் அமையுங்கள். முன்பு சொன்ன பவர் பொத்தான்கள் பக்கத்திலேயே மூடிக்கான வரியும் இருக்கிறது. சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்றே விட்டுவிடலாம். மூடியதும் உடனே பையில் திணிக்க வேண்டாம். விளக்கு அணையும்வரை காத்திருங்கள்.

எது எழுப்பியது என்று அறிய பவர்சிஎஃப்ஜி சாய்கோடு லாஸ்ட்வேக் கொடுத்துப் பாருங்கள். மவுஸோ நெட்வொர்க் அட்டையோ காரணமாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்பும் அனுமதியை நீக்கிவிடலாம். ஸ்லீப்புக்கே போக மறுத்தால் பவர்சிஎஃப்ஜி சாய்கோடு ரிக்வெஸ்ட்ஸ் கொடுங்கள். எந்த நிரல் தடுக்கிறது என்று பெயரோடு காட்டும்.

நம்பும் முன் சோதியுங்கள்

அமைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்பேடைத் திறந்து நான்கு வரி எழுதுங்கள், சேமிக்க வேண்டாம். பிரவுசரில் இரண்டு பக்கங்களைத் திறந்து வையுங்கள். ஹைபர்நேட் கொடுங்கள். திரை இருளும், ஆனால் பவர் விளக்கும் டிஸ்க் விளக்கும் இன்னும் எரியும், மின்விசிறியின் ஓசையும் கேட்கும். ரேம் டிஸ்க்கில் எழுதப்படும் நேரம் அதுதான். அப்போது எதையும் தொடக்கூடாது. விளக்குகள் எல்லாம் அணைந்து, மின்விசிறியும் நின்ற பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்த பழைய கருவி என்றால் அதையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மறுபடி பொருத்தி இயக்கினால், அந்த நான்கு வரியும் சேமிக்காதபடியே திரையில் நிற்க வேண்டும். நின்றால் வெற்றி. நிற்கவில்லையென்றால் அதை இன்று தெரிந்துகொண்டது நல்லது.

பென் டிரைவ் செருகியிருந்தால் ஹைபர்நேட் செய்யும் முன் முறைப்படி வெளியேற்றிவிடுங்கள். உறங்கும் கணினி அந்த டிரைவின் பழைய நிலையை நினைவில் வைத்திருக்கிறது. இடையில் வேறொரு கணினியில் அதில் எழுதிவிட்டு வந்து செருகினால் கோப்புகள் கெட்டுப்போகலாம்.

லினக்ஸில் கொஞ்சம் கூடுதல் உழைப்பு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கருவிகளில் இலவச இயங்குதளமான லினக்ஸ் நிறுவுவோர் கூடிவருகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 12.04 பதிப்பிலிருந்தே ஹைபர்நேட்டை மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. எல்லா வன்பொருளிலும் நம்பகமாக இயங்கவில்லை என்பதே காரணம். வசதி போய்விடவில்லை. நாமே அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தேவை ஸ்வாப், அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம். லினக்ஸ் ரேமின் படத்தை, அதாவது அதன் முழு நகலை, ஸ்வாப்பில்தான் எழுதுகிறது. டெர்மினலில் ஃப்ரீ ஹைஃபன் ஹெச் கொடுத்து ரேமும் ஸ்வாப்பும் எவ்வளவு என்று பாருங்கள். படம் சுருக்கித்தான் எழுதப்படுகிறது என்றாலும், ஸ்வாப் ரேமின் அளவுக்காவது இருப்பது பாதுகாப்பு. 8 ஜிபி ரேமுக்கு 8 முதல் 10 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பிரிவு) ஒதுக்குங்கள். ஸ்வாப்ஆன், இரண்டு ஹைஃபன், ஷோ என்று கொடுத்தால் அது எந்த வகை என்று தெரியும். அங்கே இசட்ரேம் என்று மட்டும் வந்தால் அது கணக்கில் சேராது. அது ரேமுக்குள்ளேயே இருப்பது. கருவி அணைந்ததும் அதுவும் போய்விடும். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் வழக்கமாக இப்படித்தான் இருக்கும்.

புதிதாக நிறுவுபவர்கள் ஸ்வாப்பைத் தனிப் பார்ட்டிஷனாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. உபுண்டு 17.04 முதல் ஸ்வாப்பைக் கோப்பாக வைக்கிறது. கோப்பிலும் ஹைபர்நேட் செய்யலாம். ஆனால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணையும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறிவிடும்.

அடுத்து, எழும்போது படத்தை எங்கே தேட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சூடோ (அட்மின்) உரிமையுடன் பிஎல்கேஐடி கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யுயுஐடி என்ற அடையாள எண்ணும் வரும். ஸ்வாப் என்று குறிப்பிட்ட வரியின் எண்ணை நகலெடுங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றில் இடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பு இருக்கிறது. அதில் சிஎம்டிலைன் லினக்ஸ் டீஃபால்ட் என்று பெயர் முடியும் வரியின் மேற்கோள் குறிகளுக்குள், ரெஸ்யூம், சமக்குறி, யுயுஐடி, சமக்குறி, பிறகு அந்த எண் என்று இடைவெளியில்லாமல் சேருங்கள். முதலில் வரும் ரெஸ்யூம் சிறிய எழுத்திலும் யுயுஐடி பெரிய எழுத்திலும் இருக்க வேண்டும். சேமித்துவிட்டு சூடோ அப்டேட்-க்ரப், அதன்பின் சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு ஆகிய இரண்டையும் ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் கணினி எழாமல் புதிதாகத் தொடங்கக்கூடும்.

இனி சிஸ்டம்சிடிஎல் ஹைபர்நேட் என்று கொடுத்து, மேலே சொன்ன நான்கு வரிச் சோதனையைச் செய்யுங்கள். நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கருவியில் பெரும்பாலும் இது மறுக்கப்படும். டிஸ்க்கில் உள்ள படத்தை யாராவது மாற்றிவைக்க வாய்ப்பு உண்டு என்பதால், பல லினக்ஸ் பதிப்புகளின் கெர்னல் அந்த நிலையில் ஹைபர்நேட்டைப் பூட்டிவிடுகிறது. இயங்குதளத்துக்கு முன் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் இயங்கும். அதே கருவியில் விண்டோஸும் அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால், அணைக்கும் முன் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், இல்லையென்றால் உள்ளே நுழைய முடியாது.

சோதனை வெற்றியானால் பேட்டரி எச்சரிக்கையையும் சரிசெய்யுங்கள். இடிசிக்குள் யுபவர் கோப்புறையில் யுபவர்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. பர்சன்டேஜ் லோ 25, பர்சன்டேஜ் கிரிட்டிக்கல் 15, பர்சன்டேஜ் ஆக்‌ஷன் 10 என்று இறங்குவரிசையில் அமைத்து, கிரிட்டிக்கல் பவர் ஆக்‌ஷனை ஹைபர்நேட் ஆக்குங்கள். வரிசை தவறினால் உங்கள் எண்களைப் புறக்கணித்துவிட்டுத் தன் வழக்கமான எண்களுக்கே போய்விடும்.

மூடிக்கான அமைப்பு இடிசியில் சிஸ்டம்டி கோப்புறையில் உள்ள லாகின்டி.கான்ஃப் கோப்பில் இருக்கிறது. அங்கே ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை நீக்கி, சஸ்பெண்ட்-தென்-ஹைபர்நேட் என்று கொடுங்கள். முதலில் ஸ்லீப், குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் ஹைபர்நேட். அந்த நேரத்தை ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் ஹைபர்நேட், டிலே, செக் மூன்றையும் ஒட்டி எழுதிய வரியில் 30மின் (30 நிமிடம்) என்று வைக்கலாம். கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய டெஸ்க்டாப் தோற்றங்களைப் பயன்படுத்துபவர்கள் அவற்றின் பவர் அமைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள்

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கருவிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் சில இன்றும் நம் வீடுகளில் ஓடுகின்றன. இப்படி இரண்டும் இருந்தால் ஒரு விதியை மீறவே கூடாது: ஒன்று ஹைபர்நேட்டில் இருக்கும்போது, அதன் பார்ட்டிஷனில் மற்றொன்றிலிருந்து எதையும் எழுதாதீர்கள். உறங்கும் விண்டோஸ் தன் கோப்புப் பட்டியல் இருந்தபடியே இருக்கிறது என்று நம்பி எழும். இடையில் லினக்ஸ் அதை மாற்றியிருந்தால் கோப்புகள் சிதையும். விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுத்தால், அதை வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். விண்டோஸுக்குப் போய் முறையாக அணைத்துவிட்டு வாருங்கள்.

விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இதில் ஒரு மறைகுழி. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் கெர்னலை ஹைபர்நேட் செய்துவிட்டுத்தான் அணைகிறது. இரண்டு இயங்குதளம் வைத்திருப்போர் ஹைபர்நேட் பெட்டி இருக்கும் அதே பக்கத்தில் இதன் டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றவர்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம்: கணினி தடுமாறும்போது ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

மேக்புக், மேசைக்கணினி

மேக்புக்கில் தனியாகச் செய்ய அதிகமில்லை. ஸ்லீப்புக்குப் போகும்போது ரேமின் நகலை டிஸ்க்கிலும் வைத்துக்கொள்வது அதன் வழக்கமான ஏற்பாடு. பேட்டரி தீர்ந்தால் அந்த நகலிலிருந்து எழும்.

மேசைக்கணினியிலும் ஹைபர்நேட் இயங்கும். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி வாய் இருந்தால் அதைக் கணினியோடு இணையுங்கள். பல மாடல்களை விண்டோஸ் பேட்டரியாகவே எடுத்துக்கொண்டு, அளவு குறையும்போது தானே ஹைபர்நேட் செய்யும். அந்த வாய் இல்லாத யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களில், நீங்களே ஹைபர்நேட் கொடுத்துவிடலாம். இடி இடிக்கும்போது இதன் அருமை தெரியும். வேலையை மூடாமலேயே ஹைபர்நேட் செய்து, விளக்கு அணைந்ததும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். லேன் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

எழவில்லை என்றால்

இயக்கியதும் திரை கருப்பாகவே நின்றால் பதற வேண்டாம். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பழைய கருவிக்கு இரண்டு, மூன்று நிமிடம் கொடுங்கள். அதன் பிறகும் அசைவில்லையென்றால் பவர் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். படம் கெட்டிருந்தால் விண்டோஸ் அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சேமிக்காதது அப்போது போய்விடும், டிஸ்க்கில் முன்பே சேமித்தது அப்படியே இருக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரையும் பயாஸையும் கருவியின் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். பயாஸைப் புதுப்பிக்கும்போது பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் இணைந்திருக்கட்டும். வானம் மூட்டமாக இருக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள்.